5 வோல்ட் சப்ளையின் ரிப்பிளும் நாய்ஸும்: புரோபிலிருந்து பிரீஆம்ப் வரை

எடையை மின் சிக்னலாக்கும் லோட் செல்லுக்காகச் செய்த, அந்த சிக்னலை எண்ணாக்கும் 24 பிட் ஏடிசி போர்டு ஒருவழியாக அடங்கி உட்கார்ந்துவிட்டது. அதன் சப்ளையில் ரிப்பிள் (சீராகத் திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கம்) எவ்வளவு, நாய்ஸ் (ஒழுங்கில்லாத இரைச்சல்) எவ்வளவு என்று நம்பி எடுக்கக்கூடிய ஓர் எண் கிடைத்த பிறகுதான் அது அடங்கியது. வேலையில் பாதிக்கு மேல் அந்த எண்ணைப் பிடிப்பதிலேயே போனது. எந்தப் புரோப், எந்தக் கேபிள், ஆம்ப்ளிஃபயர் எப்போது தேவை என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அமைப்பு எளிமையானது. 12 வோல்ட் அடாப்டர். அதிலிருந்து, மேலே எல்எம் 2596 என்று அச்சிட்ட சில்லு உள்ள பக் மாட்யூல் (ஸ்விட்ச் செய்து வோல்ட்டேஜைக் குறைப்பது) 7.5 வோல்ட் தருகிறது. அதற்கடுத்து எல்எம் 317 என்ற லீனியர் ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாக்கி, ஏடிஎஸ் 1256 சில்லு உள்ள அந்த ஏடிசி போர்டுக்குக் கொடுக்கிறது. சோதனைக்காகப் பக் வெளியீட்டில் 15 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைப் போட்டு அரை ஆம்பியர் இழுக்க வைத்தேன். எல்எம் 317 வெளியீட்டில் 100 ஓம், அதாவது 50 மில்லிஆம்பியர். லோடு இல்லாமல் ரிப்பிள் அளப்பதில் பயனில்லை. என்னிடம் இருப்பது ரைகால் டிஎஸ் 1054 இசட் ஸ்கோப். 50 மெகாஹெர்ட்ஸ், 8 பிட், குறைந்தபட்ச அளவு திரையின் ஒரு கட்டத்துக்கு 1 மில்லிவோல்ட்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கூட வந்த புரோப், 10 எக்ஸில் ஸ்விட்ச், முதலை கிளிப் வைத்த 15 செ.மீ. கிரவுண்ட் வயர். பக் வெளியீட்டில் வைத்ததும் பீக்-டு-பீக் (உச்சிக்கும் அடிக்கும் இடையே) 260 மில்லிவோல்ட் என்று திரை காட்டியது. ஒவ்வொரு ஸ்விட்சிங்கிலும் ஊசி ஊசியாக ஸ்பைக், அதன் பின்னால் நடுங்கும் வால்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் செலவழித்துச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. புரோபின் முனையை அதன் கிரவுண்ட் கிளிப்பிலேயே மாட்டி, இரண்டையும் சேர்த்து சப்ளையின் கிரவுண்டில் ஒரே புள்ளியில் வைக்க வேண்டும். அளப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, திரையில் நேர்கோடு வர வேண்டும். எனக்கு 140 மில்லிவோல்ட் வந்தது. முதலில் பார்த்ததில் பாதிக்கு மேல் சப்ளையுடையதே இல்லை, புரோபுடையது. இதைப் பூச்சியச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். புரோபையோ கேபிளையோ மாற்றும்போதெல்லாம் முதலில் இதைத்தான் செய்கிறேன். இதற்கு மேல் எழுந்து நிற்கும் எண்ணை மட்டும்தான் நோட்டில் எழுதுகிறேன்.

காரணம் அந்தக் கிரவுண்ட் வயர்தான். ஒரு செ.மீ. வயருக்குச் சுமார் 10 நானோஹென்றி என்று வைத்தால் 15 செ.மீ.க்கு 150 நானோஹென்றி. புரோப் முனையில் உள்ள 15 பைகோஃபாரடோடு சேர்ந்து அது 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரிங் ஆகும். போதாததற்கு, முனைக்கும் கிளிப்புக்கும் நடுவே உண்டாகும் வளையம் பக் இண்டக்டரின் காந்தப் புலத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. கையால் அந்த வளையத்தைச் சுருக்கினால் ஸ்பைக் குறைவதும், இண்டக்டர் மேல் கொண்டுபோனால் ஏறுவதும் கண்ணெதிரே தெரியும்.

கிளிப்பைக் கழற்றிவிட்டு, மேல் கொக்கியையும் எடுத்துவிட்டு, புரோபோடு வரும் சின்ன ஸ்பிரிங்கைக் கிரவுண்ட் வளையத்தில் செருகினேன். முனை வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் ஒரு காலில், ஸ்பிரிங் மறு காலில். பூச்சியச் சோதனை 140இலிருந்து 18க்கு இறங்கியது. ஸ்கோப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பைப் போட்டதும் 8. ரிப்பிள் அளவில் 20 மெகாஹெர்ட்ஸ் என்பது பொதுவான வழக்கம். கம்ப்யூட்டர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வழிகாட்டியும் அதுவரைதான் அளக்கச் சொல்கிறது. 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் லோடு முனையில் வைத்து அளந்து, 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் என்று வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு போட்டு எடுத்த எண்ணையும் போடாமல் எடுத்த எண்ணையும் ஒப்பிட முடியாது. அதனால் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதைக் குறித்துவிடுவது நல்லது.

ஸ்பிரிங்கோடு பக் வெளியீட்டில் இப்போது கிடைத்த ரிப்பிள் 85 மில்லிவோல்ட். முக்கோண வடிவம், நடுவே சின்ன இடைவெளி, அந்த இடைவெளியில் இலேசான ரிங்கிங். லோடு குறைவாக இருக்கும்போது இண்டக்டர் கரண்ட் பூச்சியத்தைத் தொட்டு நிற்கிறது என்பதன் அடையாளம் அது. ஆனால் ஒரு சுழற்சி 19 மைக்ரோசெகண்ட் இருந்தது, அதாவது 52 கிலோஹெர்ட்ஸ். எல்எம் 2596 ஓட வேண்டியது 150 கிலோஹெர்ட்ஸில். 52 என்பது அதற்கு முந்தைய எல்எம் 2576இன் எண். ஆக, சில்லின் மேல் இருக்கும் பெயரும் உள்ளே இருப்பதும் ஒன்றல்ல. போர்டில் இருக்கும் 33 மைக்ரோஹென்றி இண்டக்டர் 150 கிலோஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டு வைத்தது. அதிர்வெண் மூன்றில் ஒரு பங்கானால் அதில் ஓடும் ரிப்பிள் கரண்ட் ஏறத்தான் செய்யும். வேறொரு கடையில் வாங்கிய, உண்மையாகவே 150இல் ஓடும் மாட்யூலை அதே லோடில் போட்டபோது 40 மில்லிவோல்ட்தான். மாட்யூல் வாங்கினால் முதல் வேலையாக ஸ்விட்சிங் அதிர்வெண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இனி எல்எம் 317 வெளியீடு. இங்கே 10 எக்ஸ் புரோப் கைவிட்டுவிடும். சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கி உள்ளே அனுப்புவதால், ஸ்கோப்பின் சொந்த நாய்ஸ் பத்து மடங்காகித் தெரிகிறது. என் ஸ்கோப்பின் நாய்ஸ் சுமார் அரை மில்லிவோல்ட், 10 எக்ஸில் அது 5 மில்லிவோல்ட். நான் தேடும் ரிப்பிளே 2, 3 மில்லிவோல்ட்தான். 1 எக்ஸுக்கு மாற்றினால் நாய்ஸ் குறைகிறது, ஆனால் என் புரோபில் 1 எக்ஸின் பேண்ட்வித் 6 மெகாஹெர்ட்ஸ். ஸ்பைக்கெல்லாம் அடக்கமாகத் தெரியும், அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. 52 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு மட்டும் 1 எக்ஸ் போதும், அதற்கு இன்றும் அதைத்தான் எடுக்கிறேன்.

ஸ்பைக்கையும் சேர்த்து ஒழுங்காகப் பார்க்க, நடுவயரைச் சுற்றி ஷீல்டு உள்ள கோஆக்ஸ் கேபிள்தான் வழி. லீனியர் டெக்னாலஜியில் இருந்த ஜிம் வில்லியம்ஸ் தன் குறிப்புகளில் இதைத்தான் வற்புறுத்துவார்: கிரவுண்ட் வயரே இல்லாமல், அளக்கும் இடத்திலிருந்து ஸ்கோப் வரை முழுக்க கோஆக்ஸ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுக் கடையில் கேட்டபோது முதலில் நீட்டியது சிசிடிவிக்குப் போடும் ஆர்ஜி 59. “எல்லாரும் இதான் சார் வாங்குறாங்க, பிஎன்சி மாட்டிக்கலாம்” என்றார் கடைக்காரர். அது 75 ஓம், நமக்கு வேண்டியது 50 ஓம். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து ஆர்ஜி 58 என்று கேட்டு வாங்க வேண்டும். கேபிள் முனையில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் நிறுத்தும் 50 ஓம் டெர்மினேட்டர் புதிதாகக் கிடைக்கவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு டப்பா நிறைய இருந்தது. ஒரு காலத்தில் அலுவலகங்களில் கோஆக்ஸ் வழியாக ஓடிய ஈதர்நெட்டின் இரு முனையிலும் மாட்டியவை. மீட்டரில் வைத்தால் 50 ஓம். 20 மெகாஹெர்ட்ஸ் வேலைக்கு இது தாராளம்.

டெர்மினேட்டர் இல்லாமல் நேராக ஸ்கோப்பின் 1 மெகாஓமில் மாட்டிப் பார்த்தேன். ஒரு மீட்டர் கேபிளில் சிக்னல் போய்ச் சேர 5 நானோசெகண்ட் ஆகும். முனை திறந்திருந்தால் அந்த நீளம் 50 மெகாஹெர்ட்ஸில் ரெசனன்ஸ் ஆகிறது. ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் பின்னால் சீரான அலை ஒன்று ஓடியது. கேபிளை அரை மீட்டராக வெட்டியதும் அந்த அலையின் அதிர்வெண் மாறியது, அதனால் அது கேபிளின் வேலைதான் என்று உறுதியானது. ஸ்கோப்பில் டி இணைப்பு வைத்து டெர்மினேட்டரை மாட்டியதும் போய்விட்டது.

ஆனால் 50 ஓமை நேராகச் சப்ளையில் மாட்ட முடியாது. 5 வோல்ட் என்றால் 100 மில்லிஆம்பியர், அரை வாட். 12 வோல்ட் என்றால் 240 மில்லிஆம்பியர், கிட்டத்தட்ட 3 வாட், டெர்மினேட்டர் கருகிவிடும். உள்ளேயே 50 ஓம் உள்ள விலை உயர்ந்த ஸ்கோப் என்றால் கருகுவது அதன் முன்பகுதி. அதனால் வரிசையில் ஒரு கெப்பாசிட்டர் வேண்டும். சப்ளை முனையில் 47 ஓம், அதோடு தொடராக 47 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், அதற்கு இணையாக 1 மைக்ரோஃபாரட் செராமிக். அப்புறம் கேபிள், மறுமுனையில் 50 ஓம். இரு முனையும் பொருந்துவதால் ரிஃப்ளெக்‌ஷன் இல்லை. சிக்னல் பாதியாகும், ஸ்கோப்பில் புரோப் விகிதத்தை 2 எக்ஸ் என்று வைத்தால் சரியான எண் வரும். மொத்தம் 97 ஓம், 47 மைக்ரோஃபாரட் என்றால் கீழ் எல்லை 35 ஹெர்ட்ஸ். அடாப்டரின் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளும் தப்பாது.

முதலில் வெறும் 10 மைக்ரோஃபாரட் செராமிக்கை வைத்திருந்தேன். இரண்டு தொல்லை. டிசி ஏறினால் அதன் கெப்பாசிட்டன்ஸ் நன்றாகவே குறைந்துவிடுகிறது, கீழ் எல்லை எங்கே இருக்கிறது என்றே சொல்ல முடியாது. இன்னொன்று, மேசையைத் தட்டினால் திரையில் அலை வந்தது. செராமிக் அழுத்தத்தையும் மின்னழுத்தமாக்கிக் கொடுக்கும்.

கேபிள் முனையைக் கெப்பாசிட்டர் கால்களிலேயே சால்டர் செய்தேன். ஷீல்டைப் பிரித்த நீளம் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டேன். இந்த ஏற்பாட்டில் பூச்சியச் சோதனை 2 மில்லிவோல்ட்டுக்கும் கீழே. எல்எம் 317 வெளியீட்டில் 52 கிலோஹெர்ட்ஸ் முக்கோணம் 3 மில்லிவோல்ட், அதன் மேல் 25 மில்லிவோல்ட் ஸ்பைக். எல்எம் 317 குறைந்த அதிர்வெண்ணில் நன்றாகத் தடுக்கும், மேலே போகப் போக விட்டுவிடும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஸ்பைக் இவ்வளவு வருமா என்று சந்தேகம். கேபிளை ஒரு ஃபெரைட் டொராய்டில் ஐந்தாறு சுற்று சுற்றிப் பார்த்தேன், 25 என்பது 9க்கு வந்தது. சப்ளை தடத்தில் உண்மையிலேயே இருக்கும் ஸ்பைக், கேபிளைச் சுற்றினால் குறையாது. குறைந்ததென்றால், அது அடாப்டரின் உள்ளே பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே இருக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியாக வந்து, என் கேபிளின் ஷீல்டில் ஏறி, ஸ்கோப்பின் எர்த்துக்கு இறங்கும் காமன் மோடு கரண்ட் (நடுவயரிலும் ஷீல்டிலும் ஒரே திசையில் ஓடுவது). அடாப்டரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை மாட்டியபோதும் ஏறக்குறைய அதே 9தான். சரி, உண்மையான எண் அது.

இதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் பின்னை ஒடித்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஸ்கோப்பின் உலோகப் பகுதி முழுக்க மின்சாரம் ஏற அது வழி செய்கிறது. அதேபோல் அடாப்டரின் பிரைமரி பக்கம் இந்தக் கேபிளையோ சாதாரணப் புரோபின் கிளிப்பையோ வைக்கவே கூடாது. பிரைமரியில் பார்க்க வேண்டுமானால் ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும். ஆனால் கையில் அது இருக்கிறதே என்று ரிப்பிள் அளக்க எடுக்க வேண்டாம். அவை 50 மடங்கு, 500 மடங்கு குறைத்துத்தான் உள்ளே விடும், நாம் தேடும் மில்லிவோல்ட்கள் அதன் நாய்ஸிலேயே மூழ்கிவிடும். இந்த வேலைக்கென்றே பவர் ரெயில் புரோப் என்று வருகிறது. கீசைட்டின் என் 7020 ஏ 1:1 விகிதம், 2 கிகாஹெர்ட்ஸ், 24 வோல்ட் வரை ஆஃப்செட். டிசியைக் கெப்பாசிட்டரால் வெட்டாமல் கழித்துக் காட்டுவதால் மெதுவான சரிவும் தெரியும், அதுதான் அதன் பெரிய பலம். புராசஸர் சப்ளைகளைப் பார்ப்பவர்களுக்கு அவசியம், லோட் செல்லுக்கு அவசியமில்லை.

அடுத்தது நாய்ஸ். எல்எம் 317இன் டேட்டாஷீட் வெளியீட்டு நாய்ஸை 0.003 சதவீதம் என்கிறது, 10 ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை. 5 வோல்ட்டுக்கு 150 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி), திரையில் சுமார் 1 மில்லிவோல்ட் பீக்-டு-பீக். ஸ்கோப்பின் நாய்ஸே அரை மில்லிவோல்ட் என்றால் இதை நேராகப் பார்க்க முடியாது. 100 மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், அதாவது பிரீஆம்ப், வேண்டும்.

என்இ 5534 என்ற ஆப்ஆம்ப் சில்லை எடுத்தேன். அதன் நாய்ஸ் ரூட் ஹெர்ட்ஸுக்கு (பேண்ட்வித்தின் வர்க்கமூலத்துக்கு) 3.5 நானோவோல்ட், விலை 35 ரூபாய்க்குள். 3 மடங்குக்கு மேல் பெருக்கினால் வெளியே காம்பன்சேஷன் கெப்பாசிட்டர் தேவையில்லை. ஒரே கட்டத்தில் 100 மடங்கு வைத்தால் பேண்ட்வித் 100 கிலோஹெர்ட்ஸுக்கு விழும், அதனால் பத்துப் பத்தாக இரண்டு கட்டம். ஒவ்வொன்றும் 1 மெகாஹெர்ட்ஸ், இரண்டும் சேர்ந்து சுமார் 640 கிலோஹெர்ட்ஸ். ஃபீட்பேக்கில் 910 ஓம், கிரவுண்டுக்கு 100 ஓம். இந்த ரெசிஸ்டர்களைச் சின்னதாக வைப்பது முக்கியம். 1 கிலோஓம் தானே 4 நானோவோல்ட் நாய்ஸ் போடும், ஆம்பை விட அதிகம். 100 ஓம் என்றால் 1.3தான்.

உள்ளே நுழையும் இடத்தில் 10 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், பிறகு கிரவுண்டுக்கு 10 கிலோஓம், கீழ் எல்லை 1.6 ஹெர்ட்ஸ். 5534இன் பயஸ் கரண்ட் அரை மைக்ரோஆம்பியர் என்பதால் அந்த 10 கிலோஓமில் 5 மில்லிவோல்ட் நிற்கும். நேராக இணைத்தால் கடைசியில் அரை வோல்ட் ஆகிவிடும். அதனால் இரண்டு கட்டத்துக்கும் நடுவே இன்னொரு 10 மைக்ரோஃபாரட், 10 கிலோஓம். சப்ளையை மாட்டும் கணத்தில் கெப்பாசிட்டர் வழியே 5 வோல்ட் முழுவதும் பாய்ந்து ஆம்பைத் தாக்கும், அதற்கு 1என் 4148 இரண்டை எதிரெதிராகப் போட்டேன். டயோடுக்கு முன்னால் 100 ஓமும் அதன் பின் 10 நானோஃபாரடும் 160 கிலோஹெர்ட்ஸில் வடிகட்டுகின்றன. ஸ்பைக்கை ஆம்புக்குள் விட்டால் அது தடுமாறி, இல்லாத நாய்ஸைக் காட்டும். ஸ்பைக்கைப் பார்க்கக் கோஆக்ஸ், நாய்ஸைப் பார்க்க ஆம்ப், இரண்டையும் கலக்கக் கூடாது.

பிரெட்போர்டில் கட்டியபோது வெளியீட்டில் 300 மில்லிவோல்ட் 50 ஹெர்ட்ஸ் ஹம். வயரிங்கை எவ்வளவு சுருக்கியும் போகவில்லை. அப்படியே பெர்ஃப்போர்டுக்கு மாற்றி, பிஸ்கட் வந்த தகர டப்பாவுக்குள் வைத்து மூடியதும் ஹம் மறைந்தது. அலுமினியப் பெட்டியை விட எனக்குத் தகரம் பிடிக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தையும் ஓரளவு தடுக்கும், பிஎன்சி சாக்கெட்டைச் சுற்றிலும் டப்பாவோடு சேர்த்தே சால்டர் செய்யலாம். மூடி பட்டும் படாமலும் இருந்தால் ஹம் திரும்ப வரும், நான்கு மூலையிலும் சுரண்டித் துருவின்றி உட்கார வைக்க வேண்டும். சப்ளை இரண்டு 9 வோல்ட் பேட்டரி. அடாப்டரில் ஓட்டினால் அளக்க வந்த நாய்ஸ் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

பெருக்கத்தைச் சரிபார்க்க ஸ்கோப்பின் 3 வோல்ட், 1 கிலோஹெர்ட்ஸ் காலிப்ரேஷன் முனையை 100 கிலோஓம், 100 ஓம் கொண்டு ஆயிரத்தில் ஒன்றாக்கி உள்ளே விட்டேன். 3 மில்லிவோல்ட் உள்ளே, 0.3 வோல்ட் வெளியே. உள்ளீட்டை ஷார்ட் செய்தால் வெளியீட்டில் 2.3 மில்லிவோல்ட் பீக்-டு-பீக், அதாவது உள்ளீட்டுக் கணக்கில் சுமார் 23 மைக்ரோவோல்ட். காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒத்துப்போனது.

முதலில் பக்கைக் கழற்றிவிட்டு எல்எம் 317க்கு நேராகப் பேட்டரி. 900 மைக்ரோவோல்ட் பீக்-டு-பீக், டேட்டாஷீட் சொன்னதற்குக் கிட்டத்தட்ட. வெளியீட்டு வோல்ட்டேஜை அமைக்கும் அட்ஜஸ்ட் முனையில் 10 மைக்ரோஃபாரட் போட்டதும் 240க்கு இறங்கியது. அந்தக் கெப்பாசிட்டர், ஏசிக்கு ரெகுலேட்டரின் பெருக்கத்தை ஒன்றாக்கிவிடுகிறது. வெளியீட்டின் 5ஐ எல்எம் 317இன் உள் ரெஃபரன்ஸான 1.25ஆல் வகுத்தால் 4, குறைந்ததும் ஏறக்குறைய அதே விகிதம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் உதிரி பாகம் இவ்வளவு செய்யும்போது அதைப் போடாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

பிறகு பக் மாட்யூலை மாட்டி, எல்எம் 317க்கு முன்னால் 10 மைக்ரோஹென்றி, 100 மைக்ரோஃபாரட் எல்சி ஃபில்டர் ஒன்றைச் சேர்த்தேன். ஃபில்டர் எல்லை 5 கிலோஹெர்ட்ஸ். மிச்சமிருக்கும் 52 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிள் நாய்ஸுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. அதைப் பிரித்தெடுக்க இரண்டாவது சேனலின் புரோபைக் கிரவுண்ட் இல்லாமல் இண்டக்டர் அருகே சும்மா தொங்கவிட்டு, அதில் ட்ரிகர் வைத்து, ஆவரேஜை 64 என்று போட்டேன். ஸ்விட்சிங்கோடு சேர்ந்து ஓடாத நாய்ஸ் எல்லாம் கரைந்து, 100 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவான ஒரு முக்கோணம் தெளிவாக நின்றது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த திரை அதுதான்.

ஏடிசியில் ஓடிக்கொண்டிருந்த கடைசி இலக்கங்களில் ஒன்று நின்றுவிட்டது. மிச்ச ஆட்டத்துக்குக் காரணம் சப்ளை இல்லை, லோட் செல் கேபிளின் ஷீல்டு. அது தனி வேலை.

செலவு: கேபிள் 80, பிஎன்சி 120, டி இணைப்பும் பழைய டெர்மினேட்டர்களும் 100, ஐசி 70, ஃபிலிம் கெப்பாசிட்டர் 60, மற்ற ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், போர்டு 150, பேட்டரி 60. மொத்தம் 640 ரூபாய்.

மறுபடி கட்டினால் ஆம்ப் வெளியீட்டில் 1 கிலோஓம், 1.5 நானோஃபாரட் வைத்து 100 கிலோஹெர்ட்ஸில் வெட்டிவிடுவேன். அதன் சொந்த நாய்ஸ் பாதியாகும். ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.9 நானோவோல்ட் உள்ள ஏடி 797ஐப் போடலாமே என்று தோன்றும். எல்டி 3042 மாதிரி 0.8 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ் ரெகுலேட்டரை அளக்கும் நாளில் அதுகூடப் போதுமா என்று பார்க்க வேண்டியிருக்கும், எல்எம் 317க்கு 5534 தாராளம். கேபிளை ஒவ்வொரு முறையும் கெப்பாசிட்டர் காலில் சால்டர் செய்து எடுத்ததில் போர்டின் தடம் ஒன்று உரிந்துவிட்டது. அடுத்த போர்டின் படத்தில் வெளியீட்டுக் கெப்பாசிட்டரை ஒட்டியே எஸ்எம்ஏ (சின்ன கோஆக்ஸ்) சாக்கெட்டுக்கும், அந்த 47 ஓமுக்கும், கெப்பாசிட்டர்களுக்கும் இடம் விட்டுவிட்டேன்.